கதவைத் திறந்தவர்களின் கணக்கு

26.3 சதவீதம். 2023 ஜூன் மாதம் இந்த எண் வெளிவந்த வாரம், புதுச்சேரியில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவு அது. இருபது வயதைத் தாண்டியவர்களில் கோவாவில் 26.4, புதுச்சேரியில் 26.3, கேரளாவில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4. உத்தரப் பிரதேசத்தில் 4.8 தான். நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்தால் அதில் ஒருத்தர் சர்க்கரை இல்லாமல் கேட்க வேண்டியவர் என்று கணக்குப் போட்டுச் சொன்னார் ஒரு கடைக்காரர்.

காரணமும் உடனே கிடைத்துவிட்டது. மூலைக்கு மூலை சரக்குக் கடை என்றார் ஒருவர். பேக்கரிதான் என்றார் இன்னொருவர். மூணு வேளையும் சோறு, அது போதாதா என்றார் மூன்றாமவர். அவரவருக்குப் பிடிக்காத ஒன்று அவரவருக்குக் காரணமாகத் தெரிந்தது. இவற்றில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 26.3 என்ற அந்த எண்ணிலிருந்து இதில் எதையும் எடுத்துவிட முடியாது. அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நிதானமாக எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கடலூர்க்காரி. திருப்பாதிரிப்புலியூரில் வீடு. மருத்துவ ஆய்வுகளுக்குக் களப்பணியாளராக வீடு வீடாகப் போவது என் தொழில். புதுச்சேரி பக்கமும் போவேன், கடலூர் பக்கமும் போவேன். தோளில் எடை மிஷின், பையில் பி.பி. மிஷின், இஞ்ச் டேப், கழுத்தில் அடையாள அட்டை. "ரேஷன் கார்டுக்கா?", "உரிமைத் தொகைக்கா?", "ஓட்டு கணக்கா?" என்று கேட்பார்கள். சுகர், பிரஷர் பற்றி என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் வந்துவிடும். மீதிப் பேர், "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்று கதவைச் சாத்துவார்கள். பார்த்துக்கொள்ளாமலே இல்லை என்று சொல்கிறவர்கள்தான் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள்.

முதலில் அந்த எண். இண்டியாப் ஆய்வு 2008-இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கி, கட்டம் கட்டமாக நகர்ந்து 2020-இல் முடிந்தது. மொத்தம் 1,13,043 பேர். இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்ற கணக்கு இதிலிருந்துதான் வந்தது. அதன் வாசலில், அதாவது நோய்க்கு முந்தைய நிலையில், நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. புதுச்சேரியைப் பற்றி அதே அறிக்கையில் இன்னொரு செய்தி இருந்தது. பத்திரிகைகள் அதை அவ்வளவாகப் போடவில்லை. தொப்பை, அதாவது இடுப்புச் சுற்றளவு வரம்பைத் தாண்டியவர்களின் பட்டியலில் முதலிடம் நமக்குத்தான்: 61.2 சதவீதம். என்னைக் கேட்டால், சர்க்கரையில் இரண்டாம் இடம் என்பதைவிட இதுதான் பெரிய செய்தி. இன்றைய தொப்பையில் ஒரு பங்கு பத்து வருஷம் கழித்து வரப்போகும் சர்க்கரை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 68 சதவீதம் பேர் நகரவாசிகள். கிராமங்களே பெரும்பாலான உத்தரப் பிரதேசத்தோடு அதை ஒரே பட்டியலில் வைத்துப் பார்ப்பது, ஒரு நகரத்தை ஒரு நாட்டோடு வைத்துப் பார்ப்பது மாதிரி. நகரத்தில் சர்க்கரை அதிகம் என்பது எல்லா மாநிலத்திலும் தெரிந்த விஷயம். இதில் நம் ஊரின் தனித் தவறு எவ்வளவு, நகரம் என்பதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பாகூர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது வரத்தை மட்டும் பொறுத்ததா? வெளியே போவதையும் பொறுத்தது. ஒரு ஊரில் சர்க்கரை நோயாளிகள் நூற்றுக்கு இத்தனை பேர் என்பது ஏரியில் நிற்கும் தண்ணீரின் அளவு. வருஷா வருஷம் புதிதாக நோய் வருகிறவர்கள் வரத்து. நோயோடு செத்துப்போகிறவர்கள் வெளியே போகும் தண்ணீர். நல்ல ஆஸ்பத்திரியும் இலவச மாத்திரையும் இருக்கிற ஊரில் சர்க்கரை நோயாளி நீண்ட நாள் உயிரோடு இருப்பார். அங்கே எண் ஏறத்தான் செய்யும். மருந்து கிடைக்காத ஊரில் சீக்கிரம் செத்துப்போவார்கள், எண் குறைவாகத் தெரியும். மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையும் மற்ற அரசு மருத்துவமனைகளும் பல மருத்துவக் கல்லூரிகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊரில் 26.3-இல் ஒரு பகுதி பிழைத்திருப்பவர்களின் கணக்காகவும் இருக்கலாம். எவ்வளவு என்று ஒரே ஒரு தடவை எடுக்கிற கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. அதற்கு வரத்தை அளக்க வேண்டும். அதாவது நோய் இல்லாதவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பல வருஷம் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாசலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த எண்களைப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் வரிசை நகரும் வேகத்தில் கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, 'நூத்தி நாப்பது' என்று சீட்டில் எழுதிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வில் அப்படிச் செய்ய முடியாது. உட்கார்த்தி வைத்து ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறை.

குயவர்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் இதையெல்லாம் சொல்லி ஒரு ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கணும் ஆயா என்றேன். சரி கண்ணு என்றார். அரை நிமிஷம் ஆகவில்லை. "ஏம்மா, அந்தப் பையன் சாப்ட்டானான்னு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து. அடுத்து மீன்காரம்மா வந்தாள். விலை பேசியாக வேண்டும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மருமகள் வந்து, "அத்த, ஒரு அஞ்சு நிமிஷம் நாங்க பாத்துக்கறோம்" என்று வாசற்கதவை ஒருக்களித்துச் சாத்திய பிறகுதான் அளவு எடுக்க முடிந்தது. முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் பதினெட்டுப் புள்ளி வித்தியாசம். முதல் அளவை மட்டும் எழுதியிருந்தால் அந்த ஆயா பிரஷர்காரர். சராசரியில் அவர் பிரஷருக்கான வரம்பாகிய 140-க்குக் கீழே.

கையால் காற்றடித்துப் பார்க்கும் பழைய மிஷினில் இன்னொரு சிக்கல் உண்டு. அளவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பூஜ்யத்தில் முடியும் எண்கள் அள்ளிக் கிடக்கும்: 120, 130, 140. மனிதர்களின் ரத்த அழுத்தம் பூஜ்யத்தை விரும்புவதில்லை; எழுதுகிறவரின் கண்தான் விரும்புகிறது. அந்த மிஷினில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஆகவே கடைசி இலக்கம் பூஜ்யமாக வருவது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் பூஜ்யம் என்றால் அந்தக் கணக்கெடுப்பை நம்பக் கூடாது. புள்ளியியல்காரர்கள் இதை முதல் வேலையாகப் பார்ப்பார்கள். இப்போது மின்னணு மிஷின் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது.

இடுப்பளவு எடுப்பது அதைவிடக் கஷ்டம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் போக வேண்டும், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். புடவைக் கொசுவத்துக்கு மேல் எடுத்தால் அளவு வீங்கிவிடும். அதனால் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு எடுக்க வேண்டும். இதை ஒரு பெண்தான் செய்ய முடியும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது இந்தியர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு. ஐரோப்பிய ஆண்களுக்கு இது இன்னும் அதிகம். புதுச்சேரியின் 61.2 சதவீதம் என்ற எண் இப்படி உள்ளறைகளில், கூச்சத்தோடு மூச்சை விட்ட பெண்களிடமும் சேர்த்து எடுத்தது. அதனால் எனக்கு அந்த எண்ணின் மேல் மரியாதை உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பகல் பதினோரு மணிக்கு ஒரு தெருவுக்குள் போனால் யார் இருப்பார்கள்? பெண்கள், வயதானவர்கள், உடம்பு முடியாமல் வீட்டில் இருப்பவர்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயதுள்ள ஆண்கள் இருக்க மாட்டார்கள். சித்தாள் வேலைக்கு, சிப்காட்டுக்கு, ஆட்டோ ஓட்ட, கடலுக்குப் போயிருப்பார்கள். பீடி, சாராயம், அகால நேரத்து பரோட்டா, மருத்துவரையே பார்க்காத பிரஷர் எல்லாம் மிகுதியாக இருப்பது இவர்களிடம். கணக்கெடுப்பில் குறைவாக இருப்பதும் இவர்கள்தான்.

ஒரு வீட்டில் யாரை எடுப்பது என்று நாங்களே முடிவு செய்யக் கூடாது என்பது விதி. வீட்டிலுள்ள பெரியவர்களை வயது வரிசையில் எழுதி, ஒரு கட்டத்தைப் பார்த்து, அது காட்டும் ஆளைத்தான் எடுக்க வேண்டும். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இல் வகுத்த முறை இது. கட்டம் மூத்த மகனைக் காட்டும். மகன் வேலையில். "நானே இருக்கேனே, எனக்குப் பாரேன்" என்பார் அம்மா. பார்த்துக் கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் அவரை மகனுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மறுபடி வர வேண்டும். மாலையில், ஞாயிற்றுக்கிழமையில். திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் இந்த மறுவருகைக்குப் போதாமல் போகும்போதுதான் சிறிய ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. இண்டியாப் போன்ற பெரிய ஆய்வில் அணுகியவர்களில் பெரும்பாலோர் பங்கெடுத்தார்கள். அதற்குச் செலவும் ஆளும் இருந்தன. ஒரு வார்டுக்கு, ஒரு கொம்யூனுக்கு (புதுச்சேரியில் பஞ்சாயத்து ஒன்றியம் மாதிரி) என்று நடக்கும் சின்ன ஆய்வுகளுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் நம் தெருவில் என்ன நடக்கிறது என்று சொல்லப்போவது இந்தச் சின்ன ஆய்வுகள்தான்.

மீனவக் குப்பங்களில் இது இன்னும் சிக்கல். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, விடிவதற்கு முன் கடலுக்குப் போன ஆள் கரை ஏறி, மீன் ஏலம் போய், வலையைச் சரிபார்த்துவிட்டுப் படுத்தால் அவரை எழுப்பிக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வராது. விசைப்படகுக்காரர்களோ நாள் கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்கள். அப்போது ஒரு யோசனை வந்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். ஆண்கள் வீட்டில். அப்போது போகலாமே? போனோம். கதவெல்லாம் திறந்திருந்தன. ஆள் கிடைத்தார்கள்.

ஆனால் கேள்வித்தாளைத் திறந்ததும் அடுத்த பிரச்சினை. கடந்த 30 நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள்? தடைக்காலத்தில் கையில் காசில்லை, அதனால் சிலர் குறைத்திருந்தார்கள். வேலையில்லை, அதனால் சிலர் கூட்டியிருந்தார்கள். ஒரு வாரத்தில் எத்தனை நாள் மூச்சு வாங்க உழைக்கிறீர்கள்? வலை இழுத்த கையோடு இருக்கும் ஆள் இப்போது மரத்தடியில் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறார். வருஷம் முழுக்க அவர் வாழும் வாழ்க்கையை இந்த இரண்டு மாதத்தை வைத்து எழுதினால் அது பொய்க் கணக்கு. "இப்பவா, தொழிலுக்குப் போறப்பவா? ரெண்டுக்கும் வேற வேற பதில்தாம்மா" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. மறு வருஷம் அந்தக் குழு தடைக்காலத்தில் ஒரு முறை, தொழில் நடக்கும்போது ஒரு முறை என இரண்டு முறை கேட்பதாகத் திட்டத்தை மாற்றிக்கொண்டது. செலவு கூடியது. கூடட்டும்.

ஒரு ஊரில் நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று தேடும் இந்தத் துறையின் கதையே கதவைத் தட்டிய கதைதான். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190. வயதானால் ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை என்று நினைத்த மருத்துவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, நல்ல நிலையில் இருக்கும்போதே அளந்து வைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர் அதற்கு முன் எப்படி இருந்தார்? 1961-இல் வந்த கட்டுரையில் ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஆபத்துக் காரணிகள் என்று எழுதினார்கள். இன்று பிரஷர் மாத்திரை போடும் ஒவ்வொருவரும் அந்த ஊர்க்காரர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டன் ஆஸ்பத்திரிகளில் எடுத்து 1950-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் எளிமையானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர். வேறு நோயால் ஆஸ்பத்திரியில் இருந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர். அவ்வளவுதான். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த உண்மை எத்தனை பெரியது! சாலைத் தாரும் வண்டிப் புகையும் காரணமாக இருக்கும் என்ற சந்தேகமும் டோலுக்கு இருந்தது. கணக்கைப் பார்த்ததும் சிகரெட்டை விட்டுவிட்டார்.

ஆனால் ஃப்ரேமிங்காமும் லண்டனும் நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? இல்லை என்பதற்குச் சாட்சி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. விழுப்புரம். 1993 வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1990-களில் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோரின் குழு, சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனது. நம் ஊர்களில் வீட்டில் சாகிறவர்கள்தானே அதிகம்? இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக இருக்காது. ஆகவே வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்: என்ன தொந்தரவு, எத்தனை நாள், இருமலில் ரத்தம் வந்ததா, உடம்பு இளைத்ததா, புகைத்தாரா. இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 35,000 ஆண்களையும் வைத்து அந்த முடிவு 2003-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது.

புகைத்தவர்கள் நுரையீரல் புற்றுநோயாலும் மாரடைப்பாலும் கூடுதலாகச் செத்திருப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதுவும் இருந்தது. ஆனால் முன்னால் வந்து நின்றது காசநோய். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் மரணத்தில் பீடிக்கும் சிகரெட்டுக்கும் பங்கு உண்டு என்று அந்தக் கட்டுரை சொன்னது. லண்டன் கணக்கில் இது பெரிதாகத் தெரிய வாய்ப்பே இல்லை, அங்கே காசநோய் ஓய்ந்துகொண்டிருந்தது. பீடி ஒன்றுதான், ஊரில் என்ன நோய் காத்திருக்கிறதோ அதை அது உசுப்பிவிடுகிறது. நம் தெருவில் என்ன காத்திருக்கிறது என்பதை நம் தெருவில்தான் கேட்க வேண்டும். திண்டிவனம், செஞ்சி பக்கத்து விதவைகள் சொன்ன பதில்கள் உலகத்தின் அறிவில் சேர்ந்தன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி என்பேன்.

இறந்தவர் வீட்டில் கேள்வி கேட்கும் வேலையை நானும் வேறொரு ஆய்வில் செய்திருக்கிறேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்பு வெட்டும் குடும்பம். கணவர் போய் ஒரு வருஷம் ஆகவில்லை. "பீடி குடிப்பாராம்மா?" என்று கேட்டேன். "கட்டு கட்டா" என்றார் அந்த அம்மா. எந்த வயசிலிருந்து என்று கேட்டதற்கு யோசித்து, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே வாயில நாத்தம் அடிச்சுது" என்றார். வயது கிடைத்துவிட்டது. பிறகு நான் கேட்காமலே, "நெஞ்சு வலிக்குதுன்னு மூணு நாளா சொன்னாரு, வாயுன்னு பூண்டு வறுத்துக் குடுத்தேன்" என்றார். கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் உண்டு: 'நெஞ்சுவலி, எத்தனை நாள்'. 3 என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கட்டம் கிடையாது. களப்பணியாளர்களுக்கு இந்த நேரத்தையும் சேர்த்துச் சம்பளம் கணக்கிட வேண்டும் என்று நான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கருவில் தொடங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒன்று. ஊர்க்காரர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடையும் நீளமும் எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நடுத்தர வயதுக்கு வந்தபின் தேடிப்போய்ப் பார்த்தபோது, எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு, இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பின் கொழுப்பு மட்டும் குறைவதில்லை, சதைதான் குறைகிறது என்று காட்டியது. ஒல்லியாக இருக்கும் நம்மவர்களுக்குச் சர்க்கரை வருவதன் ஒரு முடிச்சு இங்கே இருக்கிறது. அப்படியென்றால் இன்று ஐம்பது வயதில் சர்க்கரை வந்தவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பேசுவது எவ்வளவு அநியாயம்? அவருடைய அம்மா கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், நாற்று நடப் போனாளா என்பதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது.

காரணத்தை ஆளின் தலையில் மட்டும் கட்டுவது எனக்கு ஒப்பாத விஷயம். ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1985-இல் ஒரு கட்டுரையில் ஒரு கேள்வியைப் பிரித்துக் காட்டினார். இந்த ஆளுக்கு ஏன் பிரஷர் என்பது ஒரு கேள்வி. இந்த ஊருக்கே ஏன் பிரஷர் என்பது வேறு கேள்வி. ஆபத்து மிக அதிகமான சிலரைவிட, ஆபத்து கொஞ்சமாக உள்ள ஏராளமானவர்களிடமிருந்துதான் மாரடைப்புகள் கூடுதலாக வருகின்றன. கூட்டம் பெரியது அல்லவா? ஆகவே ஊரின் சராசரி உப்பு ஒரு கிராம் குறைந்தாலும் பலன் பெரிது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் உள்ள தட்டில் இதை ஒரு ஆளின் மன உறுதியை மட்டும் நம்பிச் சாதிக்க முடியாது. கடையில் விற்கும் மிக்சரிலும் ரொட்டியிலும் உப்பைக் குறைக்கச் சட்டம் வேண்டும்.

நடைப்பயிற்சியும் அப்படித்தான். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஊரே அங்கே வந்து நடக்கிறது. யாரும் யாரையும் 'நடங்கள்' என்று சொல்லவில்லை, பாதை இருக்கிறது, நடக்கிறார்கள். முத்தியால்பேட்டையிலோ, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ சாயங்காலம் ஒரு பெண் நடக்க முடியுமா? நடைபாதையே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த 'தினமும் அரை மணி நேரம் நடக்கவும்' என்ற சீட்டை வைத்துக்கொண்டு அவள் எங்கே நடப்பாள்? மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. நம் பகுதிக்கென்று ஒரு நீண்டகாலத் தொடர் ஆய்வு. ஜிப்மருக்குக் குருசுக்குப்பத்தில் நகர்ப்புற சுகாதார மையமும் வில்லியனூர் பக்கம் இராமநாதபுரத்தில் கிராமப்புற மையமும் இருக்கின்றன. அந்தச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு ஆய்வு புதிதல்ல. கடலூர் பக்கம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீடு தேடி மாத்திரை போகிறது. தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கதவும் ஓரளவு திறந்திருக்கிறது. மீனவர், கரும்பு வெட்டுபவர், முந்திரி உடைப்பவர், சிப்காட் தொழிலாளி என்று எல்லோரும் அடங்கிய சில ஆயிரம் பேரை இருபது முப்பது வருஷம் விடாமல் பின்தொடர்ந்தால், வரத்து எவ்வளவு, எதனால் என்று நம் ஊரே தன்னைப் பற்றிச் சொல்லும். மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்து அறிக்கை கேட்கும் திட்டங்களால் இது ஆகாது.

இன்னொன்றும் வேண்டும்: அளந்ததைத் திருப்பிச் சொல்லும் வழக்கம். நான் பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் முடிவைக் கொண்டுவந்து கொடுக்கவே இல்லை. அந்தத் தெருவில் அடுத்த குழு போய் நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? "போன தடவ வந்து எடுத்தாங்களே ரத்தம், அது என்னாச்சு?" என்று கேட்பதற்கு அந்த மக்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே எங்களைப் போன்றவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எதற்காக ஆய்வு, யார் நடத்துகிறார்கள் என்று தமிழில் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் போன் நம்பர் இருக்க வேண்டும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். பி.பி., சுகர் அளவை அப்போதே சீட்டில் எழுதி வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்டு, சொன்ன தேதியையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குடிப்பதையும் புகைப்பதையும் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அந்தப் பதில் உங்கள் பெயரோடு எங்கும் வெளியாகாது. உங்கள் வீட்டு ஆண்கள் இல்லையென்றால், "அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு" என்று மட்டும் சொல்லி எங்களை அனுப்பிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வருகிறோம்.